சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம்: திட்டமிடுவது எப்படி

வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தோலைக் குறுக்காகக் கீறிவிட்டு உள்ளே கருப்பையை நெடுக்காகத் திறந்திருக்கலாம். அல்லது தோலில் நெடுக்குக் கோடு இருந்தும், உள்ளே கீறல் குறுக்காக இருக்கலாம். அடுத்த பிரசவத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் தழும்புதான். ஆகவே விபேக் (VBAC) என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும், சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம் காணும் இந்த முயற்சிக்கு முதல் வேலை, பழைய ஆபரேஷன் குறிப்பைத் தேடி எடுப்பது.

டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. அதில் பெரும்பாலும் "சிசேரியன் செய்யப்பட்டது, தாயும் சேயும் நலம்" என்ற அளவில்தான் இருக்கும். அறுவை அரங்கில் எழுதப்பட்ட குறிப்பின் நகலைக் கேளுங்கள். அதில் பார்க்க வேண்டியவை: கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறினார்களா, அந்தக் கீறல் பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ கிழிந்து நீண்டதா, எத்தனை அடுக்காகத் தைத்தார்கள், ரத்தப்போக்கு எவ்வளவு. கூடவே, வலி எடுத்த பிறகு செய்ததா, வலிக்கு முன்பே செய்ததா, கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருந்தது, குழந்தையின் எடை, தலை எந்தப் பக்கம் பார்த்திருந்தது, பிறகு காய்ச்சலோ சீழோ வந்ததா என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு பக்கம் கையில் இருந்தால் மருத்துவருடனான முதல் சந்திப்பே வேறு மாதிரி போகும்.

குறிப்பு கிடைக்காவிட்டால் கதவு மூடிவிடாது. பெரும்பாலான சிசேரியன்கள் கீழ்க்குறுக்குக் கீறல்தான். எந்தச் சூழ்நிலையில் ஆபரேஷன் நடந்தது என்பதை வைத்து ஊகிக்கலாம். நிறைமாதத்தில், தலை கீழே இருந்த குழந்தைக்குச் செய்திருந்தால் நெடுக்குக் கீறலுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் 28 வாரத்துக்கு முன் செய்திருந்தால், குழந்தை குறுக்காகக் கிடந்திருந்தால், பெரிய நார்க்கட்டி வழியை அடைத்திருந்தால் எச்சரிக்கை தேவை. கருப்பையின் கீழ்ப்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் மெலிந்து விரிகிறது. அதற்கு முன் குறுக்காகக் கீற இடம் போதாமல் மேலே நெடுக்காகத் திறக்க நேரலாம்.

முயற்சியே கூடாது என்பது யாருக்கு

கருப்பையின் மேல்பகுதியில் நெடுக்குக் கீறல் இருந்தவர்களுக்கும், கீறல் தலைகீழ் 'டி' வடிவமாக நீண்டவர்களுக்கும் பிரசவ வலியின்போது தழும்பு கிழியும் வாய்ப்பு 100-க்கு 4 முதல் 9 வரை. அதனால் இவர்களுக்கு வலி வருவதற்கு முன்பே திட்டமிட்ட சிசேரியன். ஏற்கெனவே ஒருமுறை கருப்பை கிழிந்தவர்களுக்கும் அதேதான். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக்கொண்டிருந்தால் பேச்சுக்கே இடமில்லை. நார்க்கட்டி எடுத்தபோது கருப்பையின் உட்குழி வரை திறந்திருந்தால், அந்தத் தழும்பையும் சிசேரியன் தழும்புபோலவே, சில நேரம் அதைவிடக் கடுமையாகவே கணக்கில் எடுப்பார்கள்.

இரண்டு சிசேரியன் ஆனவர்களுக்கு வழக்கமாக "முடியாது" என்ற பதில் வருகிறது. அது முழு உண்மை அல்ல. இரண்டும் கீழ்க்குறுக்குக் கீறலாக இருந்தால் முயன்றவர்களில் சுமார் 71 சதவீதம் பேருக்குச் சுகப்பிரசவம் ஆகியிருக்கிறது. தழும்பு கிழிந்தது சுமார் 1.4 சதவீதம். ஒரு சிசேரியன் ஆனவர்களைவிட ஆபத்து கூடுதல் என்பதால் மூத்த மகப்பேறு மருத்துவரிடம் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு இது.

குழந்தை தலை திரும்பாமல் இருந்தால், ஒரே ஒரு கீழ்க்குறுக்குத் தழும்பு உள்ளவர்களுக்கு வயிற்றின் மேலிருந்து கையால் திருப்பும் முறையை முயலலாம். பழைய சிசேரியன் அதற்குத் தடை இல்லை.

"ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்" என்ற வாசகம் 1916-இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் சொன்னது. அன்றைக்குக் கருப்பையை மேலே நெடுக்காகத்தான் திறந்தார்கள். அந்தத் தழும்புக்கு அந்த எச்சரிக்கை பொருத்தமே. அவரும் தேவையில்லாமல் முதல் சிசேரியன் செய்யாதீர்கள் என்று மருத்துவர்களை எச்சரிக்கவே அதைச் சொன்னார். பிறகு கிளாஸ்கோவின் மன்ரோ கெர் போன்றவர்களால் கீழ்க்குறுக்குக் கீறல் பரவியது. கீறல் மாறி நூறாண்டு ஆகப்போகிறது. வாசகம் மட்டும் மாறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

எதை எதோடு ஒப்பிடுவது

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சுகப்பிரசவத்தையும் சிசேரியனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுகப்பிரசவம் ஜெயிக்கும். ஆனால் உங்கள் கையில் இருக்கும் தேர்வு அதுவல்ல. ஒரு பக்கம் நாள் குறித்துச் செய்யும் சிசேரியன். இன்னொரு பக்கம் முயற்சி; அது சுகப்பிரசவத்தில் முடியலாம், நடுவழியில் அவசர சிசேரியனாகவும் முடியலாம். மூன்றில் மிகக் குறைந்த சிக்கல் வெற்றி பெற்ற சுகப்பிரசவத்தில். அதிகச் சிக்கல், மணிக்கணக்கில் வலி கண்டபின் செய்யும் அவசர சிசேரியனில்: ரத்தம் ஏற்றுவது, கிருமித்தொற்று, சிறுநீர்ப்பையில் காயம் எல்லாம் அங்கே கூடுகின்றன. நாள் குறித்த சிசேரியன் இரண்டுக்கும் நடுவே. ஆகவே "விபேக் நல்லதா" என்று கேட்பதைவிட "எனக்கு வெற்றி வாய்ப்பு எவ்வளவு" என்று கேட்பதே சரி. அது 60–70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தாய்க்கு ஏற்படும் மொத்தச் சிக்கல், நாள் குறித்த சிசேரியனுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்கும்.

அமெரிக்காவில் 19 மருத்துவமனைகளில் 1999 முதல் 2002 வரை நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் 17,898 பேர் முயன்றார்கள். 73 சதவீதம் பேருக்குச் சுகப்பிரசவம். தழும்பு கிழிந்தது 124 பேருக்கு, அதாவது 0.7 சதவீதம். அதைப் பிரித்துப் பார்ப்பதில்தான் பயன் இருக்கிறது: தானாக வலி வந்து போனவர்களில் 0.4 சதவீதம், வலியைக் கூட்ட ஊசி ஏற்றியவர்களில் 0.9, வலியே வரவைத்தவர்களில் 1.0.

முந்தைய சிசேரியன் ஏன் நடந்தது என்பது வெற்றி வாய்ப்பை மாற்றும். குழந்தை தலைகீழாகாமல் இருந்ததால் என்றால் அதே ஆய்வில் வெற்றி சுமார் 84 சதவீதம். இதயத்துடிப்பு குறைந்ததால் என்றால் 73. வலி வந்தும் முன்னேறாமல் நின்றதால் என்றால் 64. கொடி சுற்றல், தண்ணீர் குறைவு போன்றவை அந்தக் கர்ப்பத்தோடு போயிற்று. இந்தக் குழந்தைக்கும் அதேபோல் வரும் என்று எண்ண வேண்டியதில்லை. "இடுப்பெலும்பு குறுகல்" என்று எழுதியிருந்தாலும் மனம் விட வேண்டாம். அந்தச் சொல்லைப் பல இடங்களில் தாராளமாக எழுதிவிடுகிறார்கள். தலை சரியாகத் திரும்பாததால் நின்றுபோன பிரசவமும் அதே பெயரில் பதிவாகியிருக்கும். எத்தனை மணி நேரம் வலி, எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

ஏற்கெனவே ஒரு சுகப்பிரசவம் ஆகியிருந்தால், அது சிசேரியனுக்கு முன்போ பின்போ, வெற்றி 85–90 சதவீதம் வரை போகிறது. வேறு எதுவும் இவ்வளவு உதவுவதில்லை. மறுபக்கம், உடல் எடைக் குறியீடு 30-க்கு மேல், சுகப்பிரசவமே ஆனதில்லை, முன்பு வலி நின்றுபோனது, இப்போது வலி வரவைக்க வேண்டியிருக்கிறது என நான்கும் சேர்ந்தால் வெற்றி சுமார் 40 சதவீதமாக இறங்கும். குழந்தை 4 கிலோவைத் தாண்டும் என்று தோன்றினாலும் குறையும். ஆனால் கடைசி மாத ஸ்கேன் சொல்லும் எடை முன்னும் பின்னும் கணிசமாகத் தவறக்கூடியது என்பதை மனதில் வையுங்கள்.

குழந்தையின் பக்கம்: வலியின்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைந்து பாதிப்பு ஏற்படுவது விபேக் முயற்சியில் 10,000-க்கு 8 பேர் அளவில், நாள் குறித்த சிசேரியனில் 10,000-க்கு 1-க்கும் குறைவு. பிரசவத்தை ஒட்டிய குழந்தை இறப்பு விபேக்கில் 10,000-க்கு 4, ஏறக்குறைய முதல் பிரசவத்தில் வலி காணும் தாய்க்கு உள்ள அளவுதான். சிசேரியனில் பிறக்கும் குழந்தைக்கு முதல் நாள்களில் மூச்சுத் திணறல் சற்று அதிகம். 39 வாரம் முடியுமுன் எடுத்தால் இன்னும் அதிகம்.

இன்னும் எத்தனை குழந்தைகள் வேண்டும் என்பதையும் இந்தத் தராசில் வைக்க வேண்டும். ஒவ்வொரு சிசேரியனும் அடுத்த நஞ்சுக்கொடி தழும்பில் வேர்விட்டு ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பைக் கூட்டுகிறது. நஞ்சுக்கொடி வாயை மூடியிருக்கும்போது இப்படி ஒட்டியிருப்பது ஒரு சிசேரியன் ஆனவர்களில் 11 சதவீதம், இரண்டு ஆனவர்களில் 40, மூன்று ஆனவர்களில் 61. இது கருப்பையையே எடுக்க நேரும் சிக்கல். இதுதான் கடைசிக் குழந்தை என்பவருக்கும், இன்னும் இரண்டு வேண்டும் என்பவருக்கும் கணக்கு ஒன்றாக இருக்காது.

மாதவாரியாக என்ன செய்வது

இன்னும் கருத்தரிக்கவில்லை என்றால் இடைவெளியைக் கவனியுங்கள். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த பிரசவத்துக்கும் இடையே 18 மாதத்துக்குக் குறைவாக இருந்தால் தழும்பு கிழியும் வாய்ப்பு கூடுகிறது. எண்ண வேண்டியது பிரசவத்திலிருந்து பிரசவத்துக்கு. கருத்தரிக்கும் நாள்வரை அல்ல.

கர்ப்பம் உறுதியானதும் 6–7 வாரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்து, கருப்பைக்குள் கரு உறை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அரிதாக அது பழைய தழும்புக் குழியிலேயே ஒட்டிக்கொள்ளும். சீக்கிரம் தெரிந்தால் கையாளலாம். தாமதமானால் உயிருக்கே ஆபத்து.

18–20 வார ஸ்கேனில் உறுப்புகளோடு நஞ்சுக்கொடியின் இடத்தையும் எழுதி வாங்குங்கள். முன்பக்கம், தாழ்வாக, தழும்பின் மேல் என்றால் 32 வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்; தசைக்குள் வேர்விட்டிருக்கிறதா என்று அனுபவமுள்ளவர் தேட வேண்டும். கருப்பை வளரும்போது பல நஞ்சுக்கொடிகள் மேலே ஏறிவிடும். ஏறாவிட்டால் திட்டம் அங்கேயே மாறுகிறது.

24–28 வாரத்தில் சர்க்கரைப் பரிசோதனை. கட்டுப்படாத சர்க்கரை குழந்தையைப் பெருக்க வைக்கும், வலி வரவைக்கும் தேவையையும் கொண்டுவரும். இரண்டும் இந்த முயற்சிக்கு எதிரி. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ் இருந்தால் இரும்புச்சத்தை இப்போதே ஏற்றுங்கள். எந்த வழியில் பிரசவம் ஆனாலும் ரத்தம் இழக்கும்போது கையிருப்பு வேண்டும்.

36 வாரத்தில் முடிவுக்கான சந்திப்பு. சிலர் தழும்பின் தடிமனை ஸ்கேனில் அளக்கச் சொல்வார்கள். மிக மெலிந்த தழும்பு எச்சரிக்கைதான். ஆனால் இந்த அளவுக்குக் கீழே கூடாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட எண் கிடையாது. அளப்பவர், சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும் அளவு எல்லாம் முடிவை மாற்றும். அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவெடுத்தால் அது அவசரம்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தல்

தழும்பு கிழிந்தால் குழந்தையை எடுக்க நிமிடங்கள்தான் இருக்கும். ஆகவே அன்பான மருத்துவர், அழகான அறை எல்லாம் பிற்பாடு. இரவு 2 மணிக்கு மயக்க மருந்து நிபுணர் உள்ளேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வரவேண்டுமா? அரங்கு எத்தனை நிமிடத்தில் தயாராகும்? ரத்தம் கட்டடத்திலேயே இருக்கிறதா? பிறந்த குழந்தையைக் கவனிக்கத் தகுதியானவர் உடனே வருவாரா? இதயத்துடிப்பை இடைவிடாமல் பதிவுசெய்யும் சி.டி.ஜி. கருவி உங்களுக்கே ஒன்று கிடைக்குமா? இவற்றுக்கு நேரான பதில் வேண்டும். இவை இல்லாத இடத்திலும், வீட்டிலும் இந்த முயற்சி கூடாது. வீட்டிலிருந்து மருத்துவமனை எவ்வளவு அருகே இருந்தாலும், வண்டியில் போகும் நேரம் குழந்தைக்குத் தாங்காது.

அடுத்து மனப்போக்கு. "சென்ற ஆண்டு இங்கே எத்தனை பேர் முயன்றார்கள், எத்தனை பேருக்கு ஆயிற்று?" என்று கேளுங்கள். எண் சொல்பவர்களுக்கு வழக்கம் இருக்கிறது. "கடைசியில் பார்த்துக்கலாம்" என்ற பதில் எட்டாம் மாதத்திலும் அப்படியே இருந்தால், அது பெரும்பாலும் மறுப்புதான், மரியாதைக்காக நேராகச் சொல்லவில்லை. 38 வாரத்துக்குள் தானாக வலி வரவேண்டும், குழந்தை 3 கிலோவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற மாதிரி நிபந்தனைகள் அடுக்கப்பட்டால் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மருத்துவர் ஊரில் இல்லாத நாளில் யார் பார்ப்பார், அவருக்கும் இதில் உடன்பாடு உண்டா என்பதை மறக்காமல் கேளுங்கள். பல திட்டங்கள் உடைவது இந்த இடத்தில்தான்.

திட்டத்தை மூன்று கிளையாக எழுதுங்கள்

ஒரே ஒரு பாதையை எழுதினால் அது ஆசை, திட்டம் ஆகாது. தானாக வலி வந்தால், வராவிட்டால், வந்து நின்றுவிட்டால் என மூன்றுக்கும் என்ன செய்வது என்பது 36 வாரத்திலேயே உங்கள் கோப்பில் இருக்க வேண்டும்.

தானாக வலி வந்தால்: சூட்டு வலியா நிஜ வலியா என்று தெரியாமல் மணிக்கணக்கில் வீட்டில் காத்திருப்பது மற்றவர்களுக்குச் சரி, தழும்பு உள்ளவருக்குச் சரியல்ல. வலி ஒழுங்கான இடைவெளியில் வந்து, நேரம் போகப்போக நெருங்கி வலுத்தால் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். சி.டி.ஜி. போட்டு, கருப்பை வாயைப் பார்த்து, இன்னும் ஆரம்பக்கட்டம்தான் என்றால் உள்ளே நடமாடிக்கொண்டு காத்திருக்கலாம். சீக்கிரம் சேர்ந்ததாலேயே "முன்னேற்றம் இல்லை" என்று கடிகாரத்தைத் தொடங்கிவிடக் கூடாது. கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் தீவிர வலிக்கட்டம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ வலிக்காகக் காத்திருக்காமல் உடனே போகவேண்டும்.

வலி வராவிட்டால்: சிசேரியன் தேதியை 39 வாரம் முடிந்தபிறகே குறிக்கச் சொல்லுங்கள். சிலர் 39-இல் குறித்துக்கொண்டு அதற்குள் வலி வந்தால் முயல்கிறார்கள். சிலர் 41 வரை காத்திருக்கிறார்கள். 39 வாரத்துக்குப் பின் தானாக வலி வரக் காத்திருக்கும்போது வயிற்றிலேயே குழந்தை இறக்கும் வாய்ப்பு 1,000-க்கு 1 அளவில். அதைத் தெரிந்துகொண்டு காத்திருக்க வேண்டும், அசைவை அன்றாடம் கவனிக்க வேண்டும். வலி வரவைப்பதென்றால் எந்த முறை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மிசோப்ரோஸ்டால் மாத்திரை நிறைமாதத்தில் சிசேரியன் தழும்பு உள்ளவருக்குக் கூடாது. வாய்வழியும் கூடாது, உள்ளே வைப்பதும் கூடாது. மற்ற புரோஸ்டாகிளாண்டின் ஜெல்களும் ஆபத்தைக் கூட்டுபவை. தேவைப்பட்டால் பலூன் வைத்த குழாயைக் கருப்பை வாயில் செலுத்தி, 30 முதல் 80 மில்லி நீர் நிரப்பி, அழுத்தத்தால் வாயைத் திறக்க வைப்பது தழும்புக்கு மென்மையான வழி. வாய் ஏற்கெனவே மெலிந்து திறந்திருந்தால் பனிக்குடத்தை உடைத்து, குறைந்த அளவில் ஆக்சிடோசின் (வலியைத் தூண்டும் மருந்து). வீட்டில் விளக்கெண்ணெய் குடித்து வலி வரவைப்பது வேண்டாம்; அது எவ்வளவு வலுவாகக் கருப்பையை இறுக்கும் என்று யாராலும் அளக்க முடியாது.

வலி நின்றுவிட்டால்: 4 மணி நேரத்தில் 2 சென்டிமீட்டர்கூடத் திறக்காவிட்டால் தாமதம் என்று கொள்வார்கள். தழும்பு இல்லாதவருக்கு உடனே ஆக்சிடோசின் டிரிப் ஏறும். உங்களுக்கு அப்படிக் கூடாது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த வலி நிற்பது, தலை மாட்டிக்கொண்டதன் அடையாளமாகவோ, தழும்பு விட்டுக்கொடுப்பதன் முதல் அறிகுறியாகவோ இருக்கலாம். மூத்த மருத்துவர் நேரில் வந்து பார்த்த பிறகே டிரிப்பைத் தொடங்க வேண்டும் என்பதைக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். தொடங்கினால் மிகக் குறைவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். நிமிடத்துக்கு 20 மில்லியூனிட்டைத் தாண்டுவது தழும்புக்கு நல்லதல்ல. 10 நிமிடத்தில் ஐந்து வலிக்கு மேல் வந்தால் டிரிப்பைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். எத்தனை மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, எது நடக்காவிட்டால் சிசேரியன் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். அந்த எல்லையை வலி உச்சத்தில் பேசித் தீர்க்க முடியாது.

வலி அறையில்

கையில் ஊசிக்குழாய் போட்டு, ரத்தப் பிரிவுக்கும் எண்ணிக்கைக்கும் ரத்தம் எடுப்பார்கள். இதை எதிர்க்க வேண்டாம். அவசரம் வந்தால் நரம்பு தேடும் நேரம் மிச்சமாகும். சி.டி.ஜி. பட்டை இடைவிடாமல் வயிற்றில் இருக்கும். அதனால் படுத்தே கிடக்க வேண்டும் என்றில்லை. பக்கவாட்டில் சாயலாம், நிற்கலாம், பந்தின் மேல் உட்காரலாம், கம்பியில்லாக் கருவி இருந்தால் நடக்கவும் செய்யலாம். மல்லாந்து படுத்திருப்பதைத் தவிருங்கள்.

முதுகில் மருந்து செலுத்தி வலியை மரத்துப்போகச் செய்யும் எபிடியூரல் போட்டுக்கொள்ளலாம். தழும்பு கிழிவதை அது மறைத்துவிடும் என்ற பயம் பழையது. முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் வலி அல்ல, குழந்தையின் இதயத்துடிப்பு. எபிடியூரல் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவருக்குத் திடீரென்று மருந்து போதாமல் வலி பீறிட்டால் அதுவே ஓர் எச்சரிக்கை.

உடன் இருப்பவர் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை இவை: இரண்டு வலிகளுக்கு நடுவிலும் விடாத வலி, தழும்பு இருக்கும் இடத்தில் தொட்டால் வலி, தோள்பட்டையில் குத்தல், மூச்சுத் திணறல், புதிதாக ரத்தப்போக்கு, சிறுநீரில் ரத்தம், நன்றாக வந்துகொண்டிருந்த வலி சட்டென்று நிற்பது, இறங்கியிருந்த தலை மேலே போய்விட்டதென்று பரிசோதிப்பவர் சொல்வது, தாயின் நாடி ஏறி ரத்த அழுத்தம் இறங்குவது. எல்லாம் சேர்ந்து வரும் என்று காத்திருக்கக் கூடாது. ஒன்று தெரிந்தாலே "இவருக்குச் சிசேரியன் தழும்பு இருக்கிறது, இதைப் பாருங்கள்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பணி மாறும் நேரத்தில் புதிதாக வரும் செவிலியருக்கு இந்த விவரம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதும் உடன் இருப்பவரின் வேலை.

தழும்பு விடுவதிலும் இரண்டு வகை உண்டு. சில நேரம் தசை மட்டும் பிரிந்து மேலுறை அப்படியே இருக்கும். தாய்க்கும் சேய்க்கும் எதுவும் தெரியாது, சிசேரியன் செய்யும்போதுதான் கண்ணில் படும். முழுவதும் கிழிந்து குழந்தையோ நஞ்சுக்கொடியோ வெளியே தள்ளப்படுவதுதான் பேராபத்து. மேலே சொன்ன 0.7 சதவீதக் கணக்கு முழுவதும் கிழியும் இந்த இரண்டாவது வகைக்கு.

முக்கும் கட்டம் முதல் பிரசவம்போலத்தான் இருக்கும், முந்தைய குழந்தை வயிற்று வழியே வந்திருந்தால். பிறப்புவழித் தசைகளுக்கு இது புதிது. ஆகவே நேரம் பிடிக்கும், ஆசனவாய்த் தசை வரை கிழியும் வாய்ப்பும் உண்டு. தலை வெளிவரும் தருணத்தில் முக்காமல் மூச்சை ஊதிவிட்டு மெல்ல வரவிடுவதும், வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம் கொடுப்பதும் அதைக் குறைக்கும். தேவைப்பட்டால் தலையைப் பிடித்து இழுக்கும் கருவிகளான வாக்குவம், ஃபோர்செப்ஸ் போடலாம். தழும்பு அதற்குத் தடையில்லை. வயிற்றின் மேல் கையை வைத்து அழுத்தித் தள்ளுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள்.

குழந்தை பிறந்த பிறகு கருப்பைக்குள் கைவிட்டுத் தழும்பைத் தடவிப் பார்ப்பது வழக்கமாகச் செய்ய வேண்டிய ஒன்றல்ல. ரத்தம் நிற்காமல் போனால், நாடி ஏறினால், வயிற்று வலி விடாமல் இருந்தால் அப்போது பார்க்க வேண்டும்.

சிசேரியனில் முடிந்தால்

நான்கில் ஒருவருக்கு இது நடக்கும். அதற்கான பக்கமும் கோப்பில் இருக்கட்டும். உடன் இருப்பவர் அரங்குக்குள் வரலாமா, குழந்தையை மார்பில் போட முடியுமா, தாய்ப்பால் எப்போது தொடங்கலாம் என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதுங்கள். இனிக் குழந்தை வேண்டாம் என்றால் கருத்தடை அறுவையும் சேர்த்துச் செய்வதா என்ற கேள்விக்கான பதிலை வலியின் நடுவே சொல்ல நேராதபடி, முன்னதாகவே முடிவுசெய்யுங்கள்.

வீடு திரும்புமுன் ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கீறல் எங்கே, எந்தத் திசையில், நீண்டதா. பழைய தழும்பு எப்படி இருந்தது. எத்தனை அடுக்குத் தையல். நஞ்சுக்கொடி எளிதில் வந்ததா. அடுத்த முறை வலி காணலாமா, கூடாதா. கடைசி வரியை மட்டும் அறுவை செய்தவர் கையெழுத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். சுகப்பிரசவம் ஆகியிருந்தாலும் தாளில் பதிவு வேண்டும்: எத்தனை வாரம், வலி தானாக வந்ததா, மொத்தம் எத்தனை மணி நேரம், குழந்தை எடை, தையல் எந்த அளவு.